சொல்லின் சுமை

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தவத்தை உடலால் ஆற்றுவது, வாக்கால் ஆற்றுவது, மனத்தால் ஆற்றுவது என்று மூன்றாக வகுக்கிறது. காட்டில் கண்மூடி அமர்வதே தவம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இரண்டாவது வகை சற்று வியப்பளிக்கும். வீட்டிலும் அலுவலகத்திலும் அன்றாடம் பேசும் பேச்சே தவமாகலாம் என்பது அதன் பொருள். அதற்கு 15-ஆம் சுலோகம் நான்கு இலக்கணங்களைக் கூறுகிறது. சொல் பிறர் மனத்தைக் கலக்காததாக, உண்மையானதாக, இனியதாக, நலம் பயப்பதாக இருக்க வேண்டும். (சாஸ்திரங்களை ஓதிப் பயிலுதலும் அங்கே உடன் சேர்க்கப்பட்டுள்ளது. இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு முதல் நான்கே போதும்.)

முதல் இலக்கணத்தில் வரும் 'உத்வேகம்' என்ற சொல்லில் தமிழ் வாசகர் சற்று நிற்க வேண்டும். இன்றைய தமிழில் அது ஊக்கம், உந்துதல் என்ற நல்ல பொருளில் வழங்குகிறது. வடமொழியில் அதன் பொருள் மனக்கலக்கம், பதற்றம். மேடையில் உத்வேகம் அளிக்கும் பேச்சு என்று பாராட்டப்படுவதும், கீதை விலக்கச் சொல்லும் பேச்சும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது வேடிக்கையான தற்செயல். சில மேலதிகாரிகளின் உரையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் அதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆதிசங்கரர் தம் உரையில் இந்த நான்கும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதை அழுத்திக் கூறுகிறார். ஒன்று குறைந்தாலும் எஞ்சிய மூன்றால் அந்தச் சொல் தவமாகிவிடாது. 'உண்மையைத்தானே சொன்னேன்' என்று வாதிடுபவருக்கும் அங்கே இடமில்லை. 'மனம் நோகக் கூடாதே என்று சொல்லாமல் விட்டேன்' என்று சமாதானம் கூறுபவருக்கும் இடமில்லை. சங்கரர் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டும் கவனிக்கத்தக்கது. ஒரு பெரியவர் சிறுவனைக் குழந்தாய் என்று அன்போடு விளித்து, அமைதியாக இருந்து கல்வியில் ஈடுபடுமாறும் அதனால் அவனுக்கு நன்மை விளையும் என்றும் கூறுவதாக அது அமைந்துள்ளது. உறவு முதலில் வருகிறது, அறிவுரை அடுத்து வருகிறது, அதன் பயன் இறுதியில் வருகிறது.

திருவள்ளுவரும் சொல்லை ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பேசவில்லை. இனியவை கூறலை 10-ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். வாய்மையை 30-ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். சொல்வன்மையை 65-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், அமைச்சனுக்கு உரியதாக வைத்தார். வீட்டில் பேசுவதும் அவையில் பேசுவதும் வெவ்வேறு பயிற்சியை வேண்டுவன என்பதை இந்த வைப்புமுறையே உணர்த்துகிறது.

இருவகைப் பேச்சு

பெங்களூரு நகரில் இந்த வேறுபாட்டை ஒரே நாளில் பலமுறை காணலாம். அல்சூரில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து கிளம்பும் ஒருவர் வழியில் கன்னடமும் தெலுங்கும் உருதும் கேட்டு, அலுவலகத்தில் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் மாறுகிறார். கன்னடத்தில் சிறியவரை 'பா' என்பார்கள், பெரியவரை 'பன்னி' என்பார்கள். தமிழில் 'வா', 'வாங்க' என்பதைப் போலவே. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. வயதில் தந்தையை ஒத்த மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பதே மென்பொருள் நிறுவனங்களின் வழக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் இளைஞர் முதல் சில மாதங்கள் அவரைப் பெயர் சொல்லவும் கூசி, 'சார்' என்னவும் தயங்கி, விளியே இல்லாமல் பேசிச் சமாளிப்பதைப் பல அலுவலகங்களில் காணலாம்.

விளிச்சொல்லைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976-இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார். சில சமூகங்களில் கருத்தின் பெரும்பகுதி சொல்லிலேயே அடங்கியிருக்கும்; வேறு சில சமூகங்களில் அது சூழலிலும் உறவிலும் முகக்குறிப்பிலும் மௌனத்திலும் பொதிந்திருக்கும். நம் நாட்டுப் பேச்சு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தமிழில் 'பார்க்கலாம்' என்பதும் கன்னடத்தில் 'நோடோணா' என்பதும் பல வேளைகளில் பணிவான மறுப்புகளே. கேட்பவருக்கு அது புரியும் என்று சொல்பவருக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து ஒரு மேலாளர் தொலைபேசியில், வெள்ளிக்கிழமைக்குள் பணி முடியுமா என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் இருப்பவர் சற்று நிறுத்தி, 'முயற்சி செய்கிறேன்' என்கிறார். அந்தச் சிறு இடைவெளியில் தம் மறுப்பைத் தெரிவித்துவிட்டதாக அவர் நம்புகிறார். மேலாளரோ ஒப்புதல் கிடைத்ததாகக் குறித்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் மற்றவரை நம்பத்தகாதவர் என்று முடிவு செய்கிறார். மற்றவர் இவரை இரக்கமற்றவர் என்று முடிவு செய்கிறார். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

இங்கே எந்த முறை உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. சொல்லுக்கு ஒரு சுமை உண்டு, அதைச் சுமப்பது யார் என்று கேட்பதே பொருத்தம். நேரடிப் பேச்சில் சொல்பவர் தம் மனத்திலிருந்ததை இறக்கிவைத்துவிட்டு இலேசாகிவிடுகிறார். அதனால் ஏற்படும் வலியைக் கேட்டவர் சுமக்கிறார். மறைமுகப் பேச்சில் சொல்பவர் இனியவராக விளங்குகிறார். பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்பைக் கேட்டவர் சுமக்கிறார். இரண்டிலும் சுமை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறது. பதவியில் தாழ்ந்தவர், வயதில் இளையவர், வீட்டுக்குப் புதிதாக வந்தவர் ஆகியோர் பக்கமே அது சாய்கிறது. அதிகாரம் உள்ளவர் அந்தச் சுமையைத் தாமே ஏற்க முன்வந்தால் என்ன நிகழும் என்பதை பெங்களூரிலுள்ள ஓர் அறிவியல் நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து அறியலாம். ஏற்காதபோது நிகழ்ந்ததும் அதே வரலாற்றில் இருக்கிறது.

ராமனின் நேர்ப்பேச்சு

திருச்சிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், 1930-இல் நோபல் பரிசு பெற்றபின், 1933-இல் கல்கத்தாவிலிருந்து வந்து இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1909-இல் நிறுவப்பட்ட அக்கழகத்துக்கு அவரே முதல் இந்திய இயக்குநர். பேச்சில் அவருக்கு இணையானவர் அரியர். அறிவியலை அறியாதவரும் அவர் சொற்பொழிவைக் கேட்டு வானத்தின் நீலத்தையும் வைரத்தின் ஒளியையும் புதிதாகப் பார்ப்பார்கள். அதே நாவு சக பேராசிரியர்களிடம் வேறு விதமாகத் தொழிற்பட்டது. மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது அவர் இயல்பு. இயற்பியலுக்கு அவர் அளித்த முதன்மையால் தங்கள் துறைகள் பின்தள்ளப்படுவதாகப் பிற துறையினர் குறைகூறினர். அக்குறையைத் தணிக்கும் பேச்சு அவரிடம் இல்லை.

ஜெர்மனியில் நாஜி ஆட்சியால் பதவியிழந்த இயற்பியல் அறிஞர் மாக்ஸ் பார்ன், 1935-இல் ராமனின் அழைப்பின்பேரில் பெங்களூருக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அவருக்கு அங்கே நிரந்தரமான பேராசிரியர் பதவியை ஏற்படுத்த ராமன் முயன்றார். பேராசிரியர்களின் கூட்டத்தில் அவரை மிக உயர்த்திப் பேசினார். உடனே ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, தம் நாட்டிலிருந்து விரட்டப்பட்ட இரண்டாந்தர அயலவர் இக்கழகத்துக்குப் போதாது என்ற கருத்தில் பேசினார். பார்ன் அந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருந்தார். வீடு திரும்பியதும் மனைவியின் முன் அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். அவர் 1936-இல் எடின்பரோ சென்றார். 1954-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தக் கடுஞ்சொல் பார்னின் மீது விழுந்தாலும், அது குறிவைத்தது ராமனையே என்று எண்ண இடமுண்டு. ஏற்கெனவே புண்பட்டிருந்தவர்களின் நடுவே வேறொருவரை வானளாவப் புகழும்போது, அந்தப் புகழ்ச்சி ஒவ்வொருவர் செவியிலும் 'நீ போதாது' என்று ஒலிக்கும். இனிய சொல்லே கலக்கம் விளைவிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இனியதாக இருந்தால் மட்டும் போதாது என்று சங்கரர் கூறியதன் காரணம் இங்கே விளங்குகிறது.

கழகத்தின் நிலையை ஆராய சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் 1936-இல் குழு அமைந்தது. 1937-இல் ராமன் இயக்குநர் பதவியிலிருந்து விலகினார்; இயற்பியல் பேராசிரியராக 1948 வரை அங்கேயே பணியாற்றினார். அனைத்துக்கும் அவருடைய பேச்சே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. நிதிப் பங்கீடு, நிர்வாகப் பூசல், இந்தியர் ஒருவரின் தலைமையை ஏற்க மனமில்லாத காலனியக் காலத்து மனப்பான்மை ஆகியனவும் அதில் கலந்திருந்தன. ஆனாலும் நெருக்கடி வந்தபோது அவருக்காக எழுந்து பேசக் கூடியவர்கள் அந்த அவையில் குறைவாகவே இருந்தனர்.

தவானின் ஒலிவாங்கி

கால் நூற்றாண்டு கழிந்து, 1962-இல், அதே கழகத்துக்கு இயக்குநராக வந்தவர் சதீஷ் தவான். 1981 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1971 டிசம்பர் 30-இல் விக்ரம் சாராபாய் மறைந்தபின், விண்வெளித் திட்டத்துக்குத் தலைமை ஏற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அவரைக் கேட்டுக்கொண்டார். கழகத்தின் இயக்குநராகவும் தொடர அனுமதிக்க வேண்டும், இஸ்ரோவின் தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும் என்ற இரு நிபந்தனைகளைத் தவான் முன்வைத்தார். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972 முதல் 1984 வரை அவர் இஸ்ரோவின் தலைவராக இருந்தார். தமக்கு வேண்டியதைப் பதவி ஏற்கும் முன்னரே தெளிவாகக் கேட்டுவிடும் நேர்ப்பேச்சு அவரிடமும் இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

1979 ஆகஸ்ட் 10 காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. நான்கு அடுக்குகளும் 17 டன் எடையும் கொண்ட அதன் திட்ட இயக்குநர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். புறப்படுமுன் கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. உடனிருந்த வல்லுநர்களைக் கலந்தபின், கணினியை மீறிச் செலுத்தும் முடிவை எடுத்தவர் கலாமே. முதல் அடுக்கு நன்றாக இயங்கியது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தது. 317 வினாடிகளில் பயணம் முடிந்து, ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் விழுந்தது.

அதன்பின் செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டியிருந்தது. மக்கள் பணத்தைக் கடலில் கொட்டியது யார் என்று கேட்பார்கள் என்ற அச்சத்தோடு கலாம் சென்றார். அங்கே நிகழ்ந்ததை அவர் பிற்காலத்தில் எண்ணற்ற மேடைகளில் எடுத்துரைத்துள்ளார். தவான் அவரைப் பேசவிடவில்லை. தாமே ஒலிவாங்கியின் முன் சென்று, இன்று தோற்றோம் என்று ஒப்புக்கொண்டு, தம் பொறியாளர்களைத் தாம் நம்புவதாகவும் அடுத்த ஆண்டு அவர்கள் வெல்வார்கள் என்றும் கூறினார். முடிவெடுத்தவரின் பெயரை அவர் சொல்லவில்லை. தோல்வியை மறைக்கவும் இல்லை.

இதை வெறும் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டுக் கடந்துவிடலாகாது. பிழை உண்மையாகவே நேர்ந்திருந்தது. அதைப் பற்றிய உண்மையும் பேசப்பட வேண்டியிருந்தது. அது பேசப்பட்டது, ஆனால் வேறோர் இடத்தில், வேறு செவிகளுக்காக. மதிப்பாய்வுக் கூட்டங்களில் தரவுகள் ஒவ்வொன்றாக அலசப்பட்டன. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அடைப்பிதழ் ஒன்று சரியாக மூடாததால் அமிலம் கசிந்துபோனது கண்டறியப்பட்டது. தவான் தலைமை வகித்த கூட்டம் ஒன்றில் கலாம் எழுந்து முழுப் பொறுப்பும் தம்முடையதே என்றார். தவான் அதை மறுத்து நீண்ட ஆறுதல் உரை ஆற்றவில்லை. கலாமின் பெயரையும் சுற்றுப்பாதையையும் இணைத்து ஒரு சிறு வேடிக்கை சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்துக்கொண்டார். திருவனந்தபுரத்தில் கலாமின் நேர் தலைவராக இருந்த பிரம்ம பிரகாஷ் அந்நாட்களில் அவர் உடனிருந்து தேற்றினார். ஒருவர் ஊருக்குப் பதில் சொன்னார், ஒருவர் மனத்துக்குத் துணை நின்றார், குழுவினர் அடைப்பிதழைத் திருத்தினர். உண்மை, இனிமை, நன்மை ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் திணிக்க எவரும் முயலவில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் சொல்லப்பட்டது.

1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 வெற்றி பெற்றது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. இம்முறை செய்தியாளர் கூட்டத்தை நடத்துமாறு கலாமிடம் கூறிவிட்டுத் தவான் ஒதுங்கிக்கொண்டார்.

இவ்வழக்கம் அந்த நிறுவனத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை அளந்து கூற இயலாது. எனினும் 2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, பெங்களூரு பீன்யாவிலுள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து நேரலையைக் கண்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வெற்றியை அறிவித்த இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத், சற்று நேரத்தில் விழுப்புரத்தைச் சேர்ந்த திட்ட இயக்குநர் பி. வீரமுத்துவேலையும், துணைத் திட்ட இயக்குநர் கல்பனாவையும், உடன் உழைத்த பிறரையும் அழைத்து ஒலிவாங்கியை அவர்களிடம் தந்தார்.

இல்லத்தில்

வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. மகன் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், தந்தை அதை உறவினர் கூடியிருக்கும் திருமண வீட்டில் அறிவிக்கிறார்: 'இவன் எங்கே படிக்கிறான்? எந்நேரமும் கையில் போன்தான்.' அதே மகனுக்கு நல்ல வேலை கிடைத்ததும், 'எல்லாம் நாங்கள் வளர்த்த வளர்ப்பு' என்று தாமே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்கிறார். விருந்தினர் முன்னிலையில் குழம்பில் உப்பில்லை என்று கூறும் கணவன் பொய் சொல்லவில்லை. குழம்பில் உண்மையாகவே உப்பில்லாமல் இருக்கலாம். விருந்தினர் சென்றபின் சொன்னாலும் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

சத்தமாகப் பேசும் வீடுகளைவிட, எதையும் வாய்விட்டுச் சொல்லாத வீடுகளிலேயே சுமை கனமானது. 'எனக்கென்ன, உங்கள் இஷ்டம்' என்று மாமியார் கூறும்போது, அதற்குள் ஒரு விருப்பம் இருப்பது இருபது ஆண்டுகள் அவருடன் வாழ்ந்த மகனுக்குத் தெரியும். வேறு ஊரில், வேறு வகைப் பேச்சில் வளர்ந்துவந்த மருமகளுக்குத் தெரியாது. அவள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு தன் விருப்பப்படி செய்கிறாள். 'ஒரு வார்த்தை கேட்டாளா?' என்ற குறை இரண்டு நாள் கழித்து வேறு வழியாக அவள் செவிக்கு வருகிறது. கேட்கத்தானே செய்தேன் என்று அவள் திகைக்கிறாள். பெங்களூரில் இன்று கணவன் ஒரு மாநிலத்தையும் மனைவி வேறு மாநிலத்தையும் சேர்ந்த குடும்பங்கள் பல. அவற்றில் இந்தத் திகைப்பு இரட்டிப்பாகிறது. மூவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதால் மொழி விளங்குகிறது. மௌனத்துக்கு மட்டும் அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை.

கைப்பேசிச் செய்திகள் இதை மேலும் சிக்கலாக்கியுள்ளன. முகமும் குரலும் இருக்கும்போது 'சரி' என்ற சொல்லுக்குப் பத்து விதப் பொருள் உண்டு, அவற்றுள் எது என்பதும் உடனே விளங்கும். திரையில் வரும் 'சரி' என்பதைப் படிப்பவர் தம் அப்போதைய மனநிலைக்கு ஏற்ற பொருளை அதில் ஏற்றிக்கொள்கிறார். மனத்தாங்கல் உள்ள செய்தியை எழுதி அனுப்பாமல் நேரில் பேசுவது, நேரில் இயலாவிட்டால் தொலைபேசியிலாவது பேசுவது, குறைந்த செலவில் செய்யக்கூடிய வாக்குத் தவம்.

சுமையை எடுத்துக்கொள்ளப் பெரியவர்தான் முந்த வேண்டும். சிறியவருக்கு அந்த உரிமையை நம் வீடுகள் எளிதில் தருவதில்லை. 'எல்லாருக்கும் வேலை இருக்கும், யாரைக் கேட்பது' என்று பொதுவாகப் பெருமூச்சு விடுவதற்குப் பதிலாக, மாமியாரே, 'ஞாயிற்றுக்கிழமை அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போக ஆசையாக இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகிறாயா அம்மா?' என்று கேட்டுவிடலாம். அப்போது மருமகளால், 'காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடலாம் அத்தை' என்று சொல்ல முடியும். 'இந்த வாரம் அலுவலக வேலை இருக்கிறது அத்தை, அடுத்த ஞாயிறு கட்டாயம் போவோம்' என்று தயங்காமல் சொல்லவும் முடியும்.